தாழிக்குள் இருந்த வாத்துகள்

யெம்ட்லாண்ட்,
அக்டோபர் 9, புதன்கிழமை.

அன்புள்ள தங்கை மைலிஸுக்கு,

உன் அண்ணன் ஸ்டூரே எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே யேவ்லெயில் உன் இரண்டு முழங்காலும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். குன்னல் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அவள் மாதம் இரண்டு முறை உன்னோடு போனில் பேசுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை அப்படியே விட்டுவிடு, பாவம், கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு என்னிடம் இருக்கும் ஒரே ரகசியம் அதுதான்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மன்னிப்புக் கடிதம் அல்ல. ஆறு வருடமாக நீ இந்த வாசலை மிதிக்கவில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பும் அட்டையில் அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே உன் பெயரைத் தவிர ஒரு புள்ளிகூட இருப்பதில்லை என்பதை நான் கவனித்ததும் கிடையாது. இது வெறும் தகவல் கடிதம். போன சனிக்கிழமை ஒரு சம்பவம் நடந்தது, அதைப் பார்த்ததிலிருந்து நான்கு நாளாக நான் வாயடைத்துப் போயிருக்கிறேன். குன்னல் இது ஒரு நோய் என்றால் மருந்து வேண்டாம் என்கிறாள்.

தகவல் ஒரு சொல்லைப் பற்றியது. எந்தச் சொல் என்று உனக்கு இந்நேரம் தெரிந்து வயிறு எரிந்திருக்கும். ஆமாம், ஸ்மோர்கோஸ். ஸ்மோர் வெண்ணெய், கோஸ் வாத்து. இரண்டையும் ஒட்டி வெண்ணெய்வாத்து என்று சொல்லிக்கொண்டு இந்த நாடே காலையும் மாலையும் தின்பதோ வெறும் வெண்ணெய் தடவிய ரொட்டி. நடுவில் இந்த வாத்து எங்கிருந்து வந்தது? அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாத்துக்கறிக்கு வழியில்லாத எவனோ ஒருவன் ரொட்டியில் வெண்ணெயைத் தடவி, இதுதான் என் வாத்து என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டான், அதுவே பெயராக நிலைத்துவிட்டது என்பது என் கட்சி. உன் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் கரண்டியால் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்து நின்று நான் பேசியதும் இதைத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. ஆறு வயதில் ஹில்மா அத்தையின் மலைக் கொட்டகையில், வெண்ணெய் கடையும் தாழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உள்ள வாத்து நீந்துது, வந்து பாரு" என்று நீ கத்திக்கொண்டு ஓடிவந்ததைச் சொன்னேன். நான் போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு இறகுகூட இல்லை என்று சொன்னேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் முடியும்வரை ஊரே உன்னை வாத்து என்று கூப்பிட்டதையும் சொன்னேன். நாற்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீ கேக் கரண்டியைக் கீழே வைத்தாய். அதுதான் நான் உன்னைக் கடைசியாக நேரில் பார்த்தது.

இப்போது தகவலுக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் நம் ஊர்ப் பத்திரிகையின் சொல் மூலையில், இந்த வாத்து எங்கிருந்து வந்தது என்று யாரோ கேட்டிருந்தார்கள். பதில் எழுதுகிற புண்ணியவான், வெண்ணெய் கடையும்போது திரண்டு மேலே வந்து மிதக்கும் கட்டிகளை அந்தக் காலத்தில் வாத்து என்றே சொன்னார்கள், ரொட்டியில் தடவத் தோதான அந்தக் கட்டியின் பெயரே ரொட்டிக்கும் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். எனக்கு வந்ததே கோபம். கையில் இருந்த பாதி கடித்த வெண்ணெய்வாத்து, மேலே பாலாடைக்கட்டி, அதன் மேல் வெள்ளரிக்காய், எல்லாம் பத்திரிகை மேலே சிந்திவிட்டது. அன்றைக்கே மூன்று பக்கம் மறுப்பு எழுதினேன். பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, நகலைக் குன்னலுக்குப் படித்துக் காட்டினேன். அவள் காபியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"சரி ஸ்டூரே, நீ பாத்திருக்கியா?"

"எத?"

"தாழிக்குள்ள. வெண்ணெய் திரள்ற நேரத்துல. என்னைக்காவது உன் கண்ணால பாத்திருக்கியா?"

நான் காபியை ஊதினேன். காபி சூடாக இருந்தது. ஆனால் நாற்பத்தொரு வருடம் டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை வைத்தவன் நான். பரீட்சை வைக்காமல் எதையும் ஃபெயிலாக்குவது எனக்குப் பழக்கமில்லை. இந்தச் சொல்லுக்கும் ஒரு பரீட்சை வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தாழி இருப்பது நம் ஊர் வரலாற்றுச் சங்கத்தில். சங்கத்தின் செயலாளர் டாக்னி. 1983-இல் நான் அவளை லைசென்ஸ் பரீட்சையில் மூன்று முறை ஃபெயிலாக்கினேன். மூன்றாவது முறை சாலையில் எல்க் மான் குறுக்கே வந்தபோது சரியாகத்தான் நின்றாள், திரும்பக் கிளம்பும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதற்கு அப்புறம் அவள் பரீட்சைக்கே வரவில்லை. இன்றுவரை சைக்கிள்தான், பனியிலும் சைக்கிள்தான். நான் கதவைத் திறந்து உள்ளே போனதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"வாங்க தேர்வு அதிகாரி. இன்னைக்கு நான் என்ன தப்பு பண்ணேன்?"

தாழி வேண்டும் என்றேன். அதற்குக் குழு கூட வேண்டும் என்றாள். குழு கூடியது. காபியும் இலவங்கப்பட்டை பன்னுமாக இரண்டேகால் மணி நேரம். தாழியை வெளியே தர முடியாது, ஆனால் சங்கக் கூடத்திலேயே வைத்துக் கடையலாம் என்று தீர்மானம் ஆயிற்று. அப்போது ரூனே கையைத் தூக்கினார். பால் பண்ணையில் வேலை செய்து ஓய்வு பெற்றாரே, அந்த ரூனே.

"மரத்தாழிய ரெண்டு நாள் தண்ணி ஊத்தி ஊற வைக்கணும் டாக்னி. காஞ்ச பலகை ஊறினாத்தான் இறுகும். இல்லேன்னா ஒழுகிரும்."

"எட்டாவது விதி. காட்சிப் பொருள் எதையும் தண்ணியில நனைக்கக் கூடாது."

"க்ரீம் ஊத்துனா மட்டும் நனையாதா?"

"க்ரீம் பத்தி விதியில ஒண்ணும் இல்ல."

ஓட்டெடுப்பு நடந்தது. ஊற வைக்க வேண்டாம் என்று ஐந்து பேர், வேண்டும் என்று ரூனே. குழுவில் நானும் இருப்பதால் அந்த ஐந்தில் நானும் ஒருவன், விதி விதிதானே. ரூனேயின் ஆட்சேபணையைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். "எழுதிக்கிட்டீங்கல்ல, அது போதும்" என்று அவரும் இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சங்கக் கூடத்தில் பதினான்கு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு ஃப்ளாஸ்க், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. பன்னிரண்டு லிட்டர் க்ரீம். முதலில் ரூனே மத்தை மேலும் கீழுமாக இடித்தார், பிறகு நான், பிறகு டாக்னி, பிறகு மறுபடி நான். இருபது நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை, என் முழங்கால் கத்தியதைத் தவிர. இருபத்தைந்தாவது நிமிஷம் தாழியின் பலகை இடுக்கில் ஒரு சொட்டு. அப்புறம் நாலு சொட்டு. அப்புறம் சுற்றிலும் கசிய ஆரம்பித்து, க்ரீம் தரையில் ஓடி, பழைய பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் புகுந்து, முன்வரிசைக்கு வந்துவிட்டது. பதினான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே. காலடிக்கு வந்தபோது வரிசையாகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள், ஒருத்தர் ஃப்ளாஸ்கையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். டாக்னி துணியோடு தரையில் மண்டி போட்டுத் துடைத்தாள், ரூனே தன் பெல்ட்டைக் கழற்றித் தாழியைச் சுற்றி இறுக்கிவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே மறு கையால், "இடி ஸ்டூரே, நிறுத்தாத, ஆட்சேபணை எழுதியாச்சு, இப்ப இடி" என்று என்னை விரட்டினார். நான் இடித்தேன். திடீரென்று சத்தம் மாறியது. அதுவரை சளசள என்று இருந்தது, பொத்துப் பொத்து என்று ஆனது. ரூனே காதைத் தாழியில் வைத்துக் கேட்டார்.

"வந்துருச்சு."

மூடியைத் திறந்ததும் சொல்வதற்கு நான் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். 'பெரியோர்களே, நீங்களே பாருங்கள், உள்ளே வாத்து இல்லை' என்பது அது. மூடியைத் தூக்கினேன். குனிந்தேன்.

மோர் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அடியிலிருந்து ஒன்று எழுந்தது, மைலிஸ். ஒரு சத்தமும் இல்லாமல், மோரை விலக்கிக்கொண்டு மேலே வந்து, உடம்பைச் சரிசெய்து உட்கார்ந்துகொண்டது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் மூன்று, நான்கு. இப்போது நம் ஏரியில் தெற்கே போகிற வாத்துகள் வந்து இறங்குகின்றன அல்லவா, இறங்கியதும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று பார்க்காமல் மெதுவாக ஒரே பக்கமாகத் திரும்புமே, அதே மாதிரி திரும்பின. முன்னால் இருந்ததற்குக் கழுத்து இருந்தது. வளைந்த கழுத்து. அது என்னைப் பார்த்தது. தேவாலயத்தில்கூட சளி பிடிக்கும் என்று தொப்பியைக் கழற்றாதவன் நான், என் கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது.

அறுபத்தொன்பது வருடமாக இந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு என்று வைத்தாலும் எத்தனை ஆயிரம் வாத்து என் தொண்டைக்குள் போயிருக்கும், ஒன்றையாவது நான் பார்த்தேனா? எந்தக் காலத்திலோ எந்தக் கொட்டகையிலோ ஒரு பெண், பெயர்கூட இல்லாத ஒரு பெண், கை ஓய்ந்து போய் மூடியைத் திறந்திருக்கிறாள். அட, வாத்து என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். அவள் சொன்னது இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையின் டப்பாவிலும் ரயில் பெட்டியிலும் மந்திரியின் மேஜையிலும் இருக்கிறது. ராஜாக்கள் எழுதி வைத்த எத்தனையோ காணாமல் போய்விட்டது, இவள் சொன்னது போகவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ரொட்டி இறங்க மாட்டேன் என்கிறது.

சரி, மீதிக் கூத்தையும் கேள். பதினான்கு பேரும் பார்க்க வேண்டும் என்றார்கள். தாழியோ ஒழுகிக்கொண்டிருக்கிறது. வேறு ஊராக இருந்தால் எல்லோரும் ஒரேயடியாக ஓடிவந்து தலையை நீட்டியிருப்பார்கள். நம் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நடுவில் ஒரு கை இடைவெளி விட்டு. ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்து, "ம்ம், சரி" என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் நாற்காலிக்கே திரும்பிப் போனார்கள். செயலாளர் என்பதால் டாக்னி கடைசியில் நின்றாள்.

"டாக்னி, முன்னாடி வா. மோர் போயிட்டே இருக்கு" என்றார் ரூனே.

"வரிசை இருக்குல்ல."

அவள் முறை வந்தபோது தாழியின் பலகைகளைப் பிடித்திருந்த கீழ் வளையம் நழுவி விழுந்தது. இரண்டு பலகை வாயைப் பிளந்தது. மிச்சம் இருந்த மோர் முழுவதும் அவள் காலணிக்குள் போய்விட்டது. டாக்னி குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வெறும் கட்டிதான் இருக்கு" என்றாள். அப்புறம் நிமிர்ந்து, "நாலாவது தடவையும் ஃபெயில்" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். "நீதான முதல்ல பாத்த. சொல்லு ஸ்டூரே, எப்படி இருந்துச்சு?"

இந்தத் தேர்வு அதிகாரியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது நாற்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "வாத்து நீந்துச்சு டாக்னி. நெசமாவே நீந்துச்சு. ஒண்ணு கழுத்த வளச்சு என்னப் பாத்துச்சு."

"கழுத்தா?" என்றார் ரூனே. "நானும்தான பாத்தேன். உருண்டை உருண்டையா மிதந்துச்சு, சரி, வாத்துன்னே வச்சுக்குவோம். கழுத்துக்கு எங்கப்பா போறது?"

"இருந்துச்சு."

"கழுத்தத் திருப்புறதுக்கு முன்னாடி சிக்னல் போட்டுச்சா ஸ்டூரே?"

பின்வரிசையில் யாரோ வாத்து மாதிரி கத்தினார்கள். அவ்வளவுதான். காலுக்கு அடியில் க்ரீம் ஓடியபோது மூச்சு விடாத பதினான்கு பேரும் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், ரூனே சிரித்த சிரிப்பில் கால்சட்டையை விட்டுவிட்டார். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன். காது இரண்டும் எரிந்தது. நான் பார்த்தேன் என்று சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். எனக்கு அறுபத்தொன்பது வயசு, ஓய்வூதியம் வாங்குகிறவன், ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் கொடுத்தவன். என்னாலேயே அதைத் தாங்க முடியவில்லை. உனக்கு அப்போது ஆறு வயசு.

டாக்னி மட்டும் சிரிக்கவில்லை. ஈரக் காலணியோடு என் பக்கத்தில் வந்து, "மத்ததெல்லாம் எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சு?" என்று கேட்டாள். அது ஒரு கேள்விதான், மைலிஸ். கேட்பதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு நான் உன்னிடம் கேட்டிருக்கலாம்.

இனி எழுதப்போவது தகவலின் கடைசிப் பகுதி. உன் பிறந்தநாள் விருந்தில் நான் ஓடிப்போய்த் தாழிக்குள் பார்த்ததாகச் சொன்னேன் அல்லவா. நான் பார்க்கவே இல்லை. ஓடையில் கல்லை அடுக்கி அணை கட்டிக்கொண்டிருந்தேன். நீ வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாய். எழுந்திருக்கச் சோம்பல். உட்கார்ந்த இடத்திலிருந்தே, உள்ளே ஒன்றும் இல்லை, நீதான் வாத்து என்று கத்தினேன். கொட்டகையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது, அதனால் மறுநாளும் சொன்னேன். பார்த்ததாகச் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியும் விட்டேன். வேலையிலும் சரி, வெளியிலும் சரி, பக்கத்தில் உட்காராமல், வண்டி ஓடுவதைப் பார்க்காமல் நான் ஃபெயிலாக்கிய ஒரே ஆள் நீ. அதுவும் நீ சரியாக ஓட்டியிருந்தாய்.

ஆக, தகவல் இவ்வளவுதான். வெண்ணெயைக் குழு கூடிச் சமமாகப் பிரித்துக்கொண்டோம், கையில் கிடைத்ததற்கு நான் உப்புப் போட்டு வைத்திருக்கிறேன். பத்திரிகைக்கு அனுப்பிய மூன்று பக்க மறுப்பைக் குப்பையில் போடச் சொல்லி ஒரு வரி எழுதிவிட்டேன். தாழி விஷயமாக நவம்பரில் சிறப்புக் கூட்டம், ரூனேயின் ஆட்சேபணையை உரக்க வாசிக்கப் போகிறார்கள். நீ இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. இதற்காகக் கிளம்பி வரவும் வேண்டாம், தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, பாதித் தூரம் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். நானும் அழைக்காத வீட்டு வாசலில் போய் நிற்கிறவன் இல்லை, அது உனக்குத் தெரிந்த விஷயம்.

உன் பூனைக்கும் பால்கனிச் செடிகளுக்கும் என் விசாரிப்பைச் சொல். வருகிற குளிர்காலம் உன் வீட்டுக் கதவைப் பலமாகத் தட்டாமல் போகட்டும். விறகும் வெளிச்சமும் குறைவில்லாமல், காலில் ஈரம் படாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஸ்டூரே
(தேர்வு அதிகாரி, ஓய்வு)

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே கால். இதைத் தபாலில் போடவில்லை. தபால்காரர் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறார், வெண்ணெய் அதுவரை தாங்காது. பாதித் தூரம் பஸ்ஸில்தான் வந்தேன். உன் மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து இதை எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். முடித்ததும் கதவில் இருக்கும் தபால் துளை வழியே உள்ளே தள்ளிவிடுவேன். மணி அடிக்க மாட்டேன், நீ மெதுவாகப் படி. இது மன்னிப்புக் கடிதம் அல்ல என்று மேலே எழுதியிருந்தேனே, அந்த வரியை அடித்துவிடு. என்னை மன்னிச்சிரு மைலிஸ். மடியில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். அதில், என்னைப் பார்த்த அந்த ஒரு கட்டியை மட்டும் யாரையும் தொடவிடாமல், உப்புப் போடாமல், அழுத்தாமல், மேலே வந்தபடியே எடுத்து வைத்தேன். கழுத்து இன்னும் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வழி முழுக்க மூடியைத் திறக்கவில்லை. நீ இல்லாமல் திறக்க மாட்டேன். கதவைத் திற, வந்து பாரு.